மஞ்சள் புடவை கட்டிய சப்போட்டா

தாவரவியல் பட்டம் வாங்கியவர்களுக்கு மரம் நடத் தெரியும் என்று உலகத்தில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அதைப் பரப்புகிறவர்கள் யார் என்று பார்த்தால் பெரும்பாலும் தாவரவியல் பட்டம் வாங்கியவர்களாகத்தான் இருப்பார்கள். நானும் பரப்பினேன். கல்யாணமாகிப் புதுச்சேரி உப்பளத்துக்கு வந்த புதிதில், யாராவது கேட்டாலும் கேட்காவிட்டாலும் "நான் பி.எஸ்சி. பாட்டனி" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். கீரைக்காரம்மா முளைக்கீரைக் கட்டை நீட்டினால் அதன் லத்தீன் பெயரைச் சொல்வேன். (அந்தம்மா பயந்துபோய் இன்னொரு கைப்பிடி கொசுறு போட்டுவிட்டுப் போவார். படிப்பால் எனக்குக் கிடைத்த முதல் வருமானம் அதுதான்.)

இது நடந்தது எழுபதுகளின் கடைசியில். என் கணவர் சுகுமாருக்கு அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. தெருவைப் பெருக்குகிற அளவுக்கு அகலமான பெல்பாட்டம், காது மடலைத் தாண்டி இறங்கிய கிருதா. வீடு, மாமனார் பஞ்சாலையில் உழைத்துக் கட்டிய சின்ன ஓட்டு வீடு. நான் மருமகளாக வருவதற்கு முன்பே அவர் போய்விட்டார். வீட்டை ஆண்டுகொண்டிருந்தவர் என் மாமியார். நான் அத்தை என்று கூப்பிடுவேன். அவர் என்னை "இந்தாம்மா" என்பார். மல்லிகா என்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று அர்த்தம்.

அத்தைக்கும் எனக்கும் இருந்த ஒரே தகராறு பி.எட். படிப்பு. நான் படித்து டீச்சராக வேண்டும் என்று ஆசைப்பட்டேன். கணவரைக் கேட்டால், "அம்மாவ கேளு" என்பார். அத்தையைக் கேட்டால் முறத்தில் அரிசி புடைக்கிற வேகம் கூடும். அதுதான் பதில்.

ஒருநாள் கொல்லைப்புறத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது தைரியத்தை வரவழைத்துக்கொண்டு மறுபடி கேட்டேன். அத்தை சுற்றிலும் கையைக் காட்டினார். உப்பளம் என்று ஊருக்குப் பெயர் வைத்தவன் பொய் சொல்லவில்லை. கொல்லை முழுக்க வெள்ளை பூத்த மண். மூலையில் ஒரு பூவரசு, பிடிவாதத்தால் மட்டும் நின்றுகொண்டிருந்தது.

"இங்க மா வெச்சேன், கருகிச்சு. கொய்யா வெச்சேன், கருகிச்சு. எங்க வெச்சாலும் வர்ற முருங்கையே பட்டுப்போச்சு. நீ செடி கொடி படிச்சவதான? இந்த மண்ணுல ஒரு பழ மரத்த உண்டாக்கிக் காட்டு. அது துளிர்த்துச்சுன்னா நானே உன்ன இட்டுகினு போயி அந்தக் காலேஜ்ல சேக்கிறேன். இல்லன்னா, ஒரு மரத்துக்கு உதவாத படிப்ப மேல மேல படிச்சி இன்னா பண்ணப் போற?"

பக்கத்து வீட்டு மதிலுக்கு மேலே ஒரு தலை தெரிந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். எங்கள் பக்கத்து வீட்டு சொல்தாவுக்கு, யாரும் அபிப்பிராயம் கேட்காத நேரத்தில் மதிலுக்கு மேல் தோன்றுகிற வழக்கம் உண்டு. அவர் மண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், விரலை ஆட்டினார். "அம்பொஸீப்ல்!" (முடியாது என்பதைப் பிரெஞ்சில் சொன்னால் கொஞ்சம் அதிகமாகவே முடியாது போலத் தோன்றும்.)

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "சப்போட்டா வரும் அத்த. உப்பு தாங்கும். எங்க பாகூர் நிலத்துல என் மரமே ஒண்ணு இருக்கு. கொண்டாந்து வெக்கிறேன்" என்றேன்.

என் மரம் என்று சொன்னதில் பொய்யில்லை. பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் வாய்க்கால் ஓரம் உட்கார்ந்து நான் தின்று துப்பிய கொட்டையிலிருந்து முளைத்தது அது. நட்டது என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. மெதுவாக வளர்ந்து என் நெஞ்சு உயரத்துக்கு வந்திருந்தது. அந்த இடத்தில் பம்ப்செட்டுக்குக் கொட்டகை போட வேண்டும், மரத்தை வெட்டப் போகிறேன் என்று என் அண்ணன் ஏழுமலை சொல்லியனுப்பியிருந்தான். ஆக, போனால் உடனே போக வேண்டும்.

"வெள்ளிக்கிழம ஆபீஸ் லீவு. போயிட்டு வந்துரலாம்" என்றார் கணவர். லீவு விட்டால் போதும், எதற்கு லீவு என்று கேட்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது. அது வீராம்பட்டினத்துத் தேருக்காக விட்ட லீவு. பாகூரிலிருந்து புதுச்சேரி வருகிற பஸ், வீராம்பட்டினத்துக்குத் திரும்புகிற அரியாங்குப்பம் வழியாகத்தான் வரும். ஆடி வெள்ளியில், தேர் அன்றைக்கு, அந்த வழியாக ஒரு மரத்தைத் தூக்கிக்கொண்டு வர நாங்கள் இரண்டு பேரும் திட்டம் போட்டோம். அத்தைக்கு விஷயம் தெரியாமல் இருந்திருக்காது. பட்டுத் தெரிந்துகொண்டு வரட்டும் என்று வாயைத் திறக்காமல் இருந்தாரா என்று பிற்பாடு எத்தனையோ முறை கேட்டேன். கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

வியாழக்கிழமையே பாகூர் போய்விட்டோம். மறுநாள் விடிந்ததும் தோண்டுகிற வேலை. வேலை செய்தது அண்ணன். நான் செய்தது பிரசங்கம். "ஆணிவேர் அறுபடக் கூடாது. தாய்மண் உதிரக் கூடாது. சாக்கை நனை. இன்னும் நனை." அண்ணன் ஒரு கட்டத்தில் மண்வெட்டியை என் கையில் கொடுத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்துகொண்டான். நான் போட்ட முதல் வெட்டில் மண்வெட்டி வாய்க்காலில் விழுந்தது. பேசாமல் எடுத்து அவனிடமே கொடுத்தேன்.

என் படிப்பின் உச்சம் அடுத்ததாக வந்தது. பிடுங்கி நடும்போது, மரத்தின் வடக்குப் பக்கம் புது இடத்திலும் வடக்கையே பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் வெயில் தாங்காது என்று எங்கேயோ படித்திருந்தேன். வடக்குப் பக்கத்தில் அடையாளம் போட பெயின்ட் கேட்டேன். அம்மா பூஜை மாடத்திலிருந்து குங்குமக் கிண்ணத்தை நீட்டினார். தண்டின் வடக்குப் பக்கம் பெரிதாக ஒரு பொட்டு வைத்தேன். மரத்தைத் தூக்கிய மறு நிமிஷம் நனைந்த சாக்கு கிழிந்து மண் கொட்ட ஆரம்பித்தது. "ஐயோ, எதையாவது சுத்துங்க!" என்று கத்தினேன். அம்மா ஓடிப்போய்க் கொடியில் கிடந்ததை உருவிக்கொண்டு வந்தார். அவருடைய பழைய மஞ்சள் புடவை. வேரோடு மண்ணைச் சுற்றி, தண்டிலும் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டோம்.

ஆடி வெள்ளி. மஞ்சள் புடவை. குங்குமப் பொட்டு. எனக்கு அப்போது இதில் எதுவுமே தோன்றவில்லை. வேர் காயக் கூடாது என்கிற ஒரே கவலை.

பஸ் கண்டக்டர் மரத்தை ஏற இறங்கப் பார்த்தார். "இது எந்த ஸ்டாப்ல எறங்குது?" என்று கேட்டுவிட்டு, பின்பக்கம் ஸ்டெப்னி டயருக்குப் பக்கத்தில் நிறுத்த இடம் கொடுத்தார். நான் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். கணவர் முன்னால் போய் உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே ரொம்ப அக்கறையாக வேடிக்கை பார்த்தார். மரத்தோடு வந்தவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதாம்.

அரியாங்குப்பத்துக்குக் கொஞ்சம் முன்னால் பஸ் நின்றது. நின்றது நின்றதுதான். ரோடு முழுக்க ஜனம். மாட்டு வண்டி, சைக்கிள், டிராக்டர், தலையில் கூழ்ப்பானை, தோளில் குழந்தை. "இனிமே நவுராது. தேர்க் கூட்டம். அல்லாரும் எறங்கி நடங்க" என்றார் கண்டக்டர்.

மரத்தை இறக்கி ரோட்டோரம் வைத்தோம். மண்ணோடு சேர்த்து அரிசி மூட்டை கனம். கணவர் பெல்பாட்டத்தை மடித்துவிட்டுக்கொண்டார். "நான் போயி ரிக்‌ஷா கெடைக்குதான்னு பாக்கறேன். மரத்த வுட்டுட்டு எங்கயும் போவாத."

போகவில்லை. சத்தியமாக நான் மரத்தை விட்டு எங்கேயும் போகவில்லை. மரம்தான் போனது; நான் கூடப் போனேன்.

முதலில் வந்தது ஒரு செம்புத் தண்ணீர். மஞ்சள் கரைத்த தண்ணீரை ஓர் அம்மா வேர் மண்ணில் பாதியும் என் காலில் பாதியுமாக ஊற்றிவிட்டுக் கும்பிட்டார். (வேருக்கு நல்லதுதானே என்று மனதுக்குள் பாராட்டினேன். அவ்வளவு அறிவு.) அடுத்து இன்னொருவர் தண்டில் குங்குமம் வைத்தார். பின்னால் வந்தவர் எலுமிச்சம்பழ மாலை போட்டார். யாரோ வேப்பிலைக் கொத்தைச் செருகினார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் மரத்துக்கு அலங்காரமே முடிந்துவிட்டது.

வீராம்பட்டினத்து அம்மனே மீனவர் வலையில் மரக்கட்டையாகச் சிக்கி வந்தவள் என்பார்கள். அந்த அம்மனின் தேர் அன்றைக்கு, அந்த ஊருக்குப் போகிற வழியில், மரத்துக்குப் புடவை கட்டிக்கொண்டு ஒரு பெண் நின்றால் ஜனங்கள் வேறென்ன நினைப்பார்கள்?

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓர் அம்மா வந்தார். நல்ல உயரம், இரண்டு பக்கமும் மூக்குத்தி, சந்தையின் கடைசிக் கடைக்கும் கேட்கிற குரல். மற்றவர்கள் காசியம்மா என்று கூப்பிட்டு வழிவிட்டார்கள்.

"இன்னா மரம்மா இது?"

"சப்போட்டாங்க."

"சப்போட்டாவா!" பக்கத்திலிருந்த பெண் ஆச்சரியப்பட்டாள். "ஆத்தாளுக்கு சப்போட்டா புடிக்குமா?"

"புடிக்காமத்தான் இவ்ளோ தூரம் வரவழைச்சிருக்காளா?" என்று அவளை அடக்கினார் காசியம்மா. "எங்கேந்து வர?"

"பாகூர்."

"பாகூர்லேந்து நடந்தே வந்தியா?"

"இல்லீங்க, பஸ்ல."

"பாரு, புள்ளைக்கு வெரதத்துல பேச்சே கொழறுது. யப்பா, வாங்கடா, தூக்குங்க!"

"இது வேண்டுதல் இல்லீங்க, எங்க வீட்டுக் கொல்லைல..." என்று ஆரம்பித்தேன். அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்த பம்பைக்காரர் ஒரு போடு போட்டார். என் குரல் கல்லூரிப் பேச்சுப் போட்டியிலேயே இரண்டாவது வரிசையைத் தாண்டாத குரல். பம்பையோடு என்ன செய்யும்? இளவட்டங்கள் நான்கு பேர் மரத்தைத் தோளுக்கு ஏற்றினார்கள். எனக்குக் கிடைத்தது மஞ்சள் புடவையின் முந்தானை நுனி. அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, எங்கள் வீடு இருக்கிற திசைக்கு முதுகைக் காட்டியபடி, வீராம்பட்டினத்தை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போனேன். வழி நெடுக என் காலில் தண்ணீர் ஊற்றினார்கள். ஒரு வயதானவர் என்னிடம் திருநீறு கேட்டார். இல்லை என்றதும், பரவாயில்லை தலையில் கையையாவது வை என்றார். வைத்தேன். என் கணவர் மட்டும் அப்போது பார்த்திருந்தால் அன்றிலிருந்து எனக்குப் பயந்து நடந்திருப்பார்.

கடற்கரை மணலில் கோயில் பந்தலுக்குப் பக்கத்தில் மரத்தை இறக்கினார்கள். சட்டையில் ரிப்பன் பூ குத்திய விழாக்காரர் ஒருவர் வந்து பார்த்தார். "ஜோரா இருக்கு. அந்த மூலைல வையுங்க. தேர் நெலைக்கு வந்ததும் இங்கயே நட்டுடலாம்."

அப்போதுதான் எனக்கு நிலைமை முழுசாக உறைத்தது. என் மரம் போகிறது. கூடவே என் பி.எட். போகிறது. "ஒரு மரத்தக்கூட ஒழுங்கா கொண்டாரத் தெரியல" என்று அத்தை சொல்லப் போகிறார். மதிலுக்கு மேலே சொல்தாவின் தலை வரும். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என்னைச் சுற்றி நின்றவர்கள் அதைப் பக்தி என்று நினைத்துத் தாங்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அந்த நேரம் தென்னை மரத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கி இருமியது.

"ஓர் முக்கிய அறிவிப்பு. உப்பளத்திலிருந்து வந்திருக்கும் சுகுமார் என்பவரின் சப்போட்டா மரம் கூட்டத்தில் காணாமல் போய்விட்டது. நெஞ்சு உயரம் இருக்கும். மஞ்சள் புடவை கட்டியிருக்கும். நெற்றியில் பொட்டு வைத்திருக்கும். மரத்துடன் ஒரு பெண்ணும் இருப்பார். பார்த்தவர்கள் உடனடியாக விழாக் குழு மேடைக்குத் தெரிவிக்கவும்."

இரண்டு தடவை சொன்னார்கள். இரண்டாவது தடவை சொல்லும்போது பம்பை நின்றுவிட்டது. சுற்றி இருந்த அத்தனை கண்ணும் மரத்தைப் பார்த்தது, புடவையைப் பார்த்தது, பொட்டைப் பார்த்தது, கடைசியாக, கூட இருக்கும் பெண்ணைப் பார்த்தது.

காசியம்மா இடுப்பில் கை வைத்தார். "இன்னாடி இது? வேண்டுதல் மரம்னு தூக்கியாந்தோம். காணாமப் போன மரம்னு மைக்குல சொல்றான்?"

மணலுக்குள் புதைந்துவிடலாமா என்றிருந்தது. ஆனால் ஒன்று, பம்பை நின்றிருந்தது. என் வாழ்க்கையில் இவ்வளவு கூட்டம் என் வாயைப் பார்த்துக்கொண்டு சத்தமில்லாமல் நின்றது அதுதான் முதல் தடவை. எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ தெரியாது.

"நான் எவ்ளோ சொன்னேன், யாராச்சும் கேட்டீங்களா? இது வேண்டுதல் இல்ல. சாக்கு கிழிஞ்சிபோச்சின்னு எங்கம்மா பொடவைய சுத்தினோம். பொட்டு வடக்கு தெரியறதுக்காக வெச்சது! இது எங்க மாமியார் ஊட்டுக் கொல்லைல நடறதுக்குக் கொண்டுபோற மரம். இது துளிர்த்தாத்தான் என்ன மேல படிக்க வுடுவேன்னு சொல்லிட்டாங்க. இத இங்க நட்டுட்டீங்கன்னா என் படிப்பு போச்சு!"

சொல்லி முடித்துவிட்டு ஓவென்று அழுதேன். அடி விழும் என்று எதிர்பார்த்தேன். விழவில்லை. அங்கே நின்றவர்களில் பாதிப்பேர் மருமகள்கள். மீதிப்பேர் ஒரு காலத்தில் மருமகளாக இருந்தவர்கள்.

"மாமியாகிட்ட பந்தயமா கட்டிக்கினு வந்திருக்க?" என்றாள் சப்போட்டாவைப் பற்றிச் சந்தேகப்பட்ட பெண். அவள் முகத்தில் அம்மனைப் பார்த்தபோதுகூட இல்லாத வெளிச்சம்.

காசியம்மா மட்டும் யோசித்துக்கொண்டிருந்தார். "உப்பளத்துல எந்த வூடு?"

சொன்னேன். பக்கத்தில் சொல்தா வீடு, முன்னால் நீலக் கதவு.

"நெத்திலி வாங்க மொத்தக் கூடையையும் கொட்டிக் கெளறுமே, அந்த அம்மாவா உன் மாமியா?" காசியம்மா எங்கள் தெருவில் மீன் விற்கிறவர் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. (அத்தை என்னை மீன் பேரத்துக்கு அனுப்பியதே இல்லை. எனக்குப் பாட்டனி மட்டும்தான் வரும், ஜுவாலஜி வராது என்பார்.) "அடி என் ராசாத்தி! அந்தம்மாவ ஜெயிக்கணும்னு நானும் எத்தினி வருசமா பாக்கறேன். யப்பா, எட்றா படகை!"

ரிப்பன் பூ வைத்தவர், "சாமிக்கு வந்த மரத்த எப்பிடி..." என்று இழுத்தார்.

"ஆத்தா பாத்துட்டா, குங்குமம் வெச்சாச்சு, மாலை போட்டாச்சு. இனிமே அது எங்க நின்னாலும் ஆத்தா மரம்தான். நீ போயி தேர பாரு" என்றார் காசியம்மா. பிறகு யாரையோ கூப்பிட்டு, மேடையில் நிற்கிற என் கணவருக்குத் தகவல் சொல்லச் சொன்னார். போன ஆள் தகவல் சொன்னார்தான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

தேருக்கு வந்த உறவுக்காரர்களை ஏற்றிக்கொண்டு, ஆற்று முகத்துவாரம் வழியாகப் பழைய துறைமுகத்துப் பக்கம் போகிற படகு ஒன்று புறப்படத் தயாராக இருந்தது. மரத்தை நடுவில் நிற்கவைத்துக் கயிறு கட்டினார்கள். நான் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். பம்பைக்காரருக்கு உப்பளத்தில் அக்கா வீடாம், அவரும் ஏறிக்கொண்டார். கடலில் முதல் அலை தூக்கிப் போட்டதும் காலையில் தின்ற இட்லி தொண்டைவரை வந்து விசாரித்துவிட்டுப் போனது. அடுத்த அலை மரத்தின் மேலேயே தெறித்தது. "ஐயோ, உப்புத் தண்ணி! எலை கருகிடும்!" என்று என் முந்தானையால் மரத்தை மூடினேன்.

"எப்பிடியும் உப்பளத்துலதான வாழப்போவுது? இப்பவே பழகட்டும் வுடு" என்றார் காசியம்மா.

அங்கே எங்கள் தெருவில் அத்தை வாசலில் நின்று பஸ் வருகிற பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாராம். நாங்கள் எதிர்ப்பக்கமாக, துறைமுகத்துப் பக்கத்திலிருந்து வந்தோம். முன்னால் பம்பை. அதன் பின்னால் தோளில் மரம். மாலை, வேப்பிலை, அடி முதல் நுனி வரை குங்குமம். தெருவில் இருந்தவர்கள் என்ன ஏது என்று கேட்காமலே கூட நடந்தார்கள். நான் எங்கோ நடுவில் இருந்தேன்.

பம்பைச் சத்தம் கேட்டுத் திரும்பிய அத்தை, மஞ்சள் புடவையைப் பார்த்தார். அவ்வளவுதான். உள்ளே ஓடி ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். மஞ்சள் கரைத்தார், கற்பூரம் ஏற்றினார், மூன்று சுற்று ஆரத்தி சுற்றி விழுந்து கும்பிட்டார். "தாயே, என் வூட்டு வாசலுக்கே வந்தியா!" எழுந்து நிமிரும்போதுதான் மரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த என் முகம் தெரிந்தது. இலையைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"மல்லிகா?"

"சப்போட்டா, அத்த" என்றேன்.

"கோயில்லேந்து வருதும்மா" என்றார் காசியம்மா, தெருவே கேட்கிற மாதிரி. "நீ ஆரத்தி எடுத்து அழைச்சிக்கின மரம். பாத்து வளத்துக்கோ. பட்டுச்சுன்னா ஊரு இன்னா பேசும்னு உனக்கே தெரியும்."

மதிலுக்கு மேலே தலை வந்தது. ஆனால் இந்தத் தடவை விரலை ஆட்டவில்லை. சொல்தா மரத்துக்கு விறைப்பாக ஒரு சல்யூட் அடித்து, "பிராவோ!" என்றார்.

கொல்லையில் ஏற்கெனவே குழி தோண்டிச் செம்மண்ணும் சாணமும் நிரப்பி வைத்திருந்தேன். படகுக்காரர்களே மரத்தை இறக்கினார்கள். "எந்தப் பக்கம் திருப்பி வெக்கட்டும்?" என்று கேட்டார்கள். வடக்குப் பொட்டைத் தேடினேன். மரத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் பொட்டு. "எப்பிடி வேணா வையுங்க" என்றேன். என் தாவரவியல் அங்கே முடிந்தது.

பொழுது சாயும் நேரத்தில் கணவர் வந்தார். பெல்பாட்டம் முழங்கால்வரை சேறு, ஒரு செருப்பைக் காணோம். மேடையில் அவருக்குக் கிடைத்த தகவல் இவ்வளவுதான்: "உங்க மரம் படகேறிப் போயிடுச்சு." கேட்டது மரத்தைத்தானே, அதற்குத்தான் பதில் வந்திருக்கிறது! பெண்டாட்டி என்ன ஆனாள் என்று தெரியாமல் வீராம்பட்டினம் முழுக்கத் தேடியிருக்கிறார். நான் சமையல்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியவில்லை. வாசலிலேயே உட்கார்ந்து குரல் உடைந்து, "அம்மா, மரமும் போச்சும்மா, அவளும் போயிட்டாம்மா" என்றார்.

அப்போதும் மரம்தான் முதலில். ஆனால் உள்ளே என்னைப் பார்த்ததும் அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். சோறு பிசைந்த என் கையை அப்படியே பிடித்துக்கொண்டார். அதனால் அப்போதைக்குக் கோபப்படவில்லை. அடுத்த வாரம் பட்டுக்கொண்டேன்.

அதற்குப் பிறகு மரம் எல்லா இலையையும் உதிர்த்துவிட்டது. வெறும் குச்சியாக நின்றது. இடம் மாற்றினால் அப்படித்தான் இருக்கும் என்று நான் சொன்னால் யார் நம்புவார்கள்? ஆனால் என்னைவிட அதிகம் பதறியது அத்தை. தெருவே பார்க்க ஆரத்தி எடுத்தவர் அவர். தினமும் யாராவது ஒருத்தி மஞ்சள் கயிறோடு வந்து, "மரம் எப்பிடி இருக்கு?" என்று விசாரித்துவிட்டுப் போனாள். மரம் பிழைக்காது என்று பந்தயம் கட்டியவர், அரிசி களைந்த தண்ணீரைக் குழம்புக்குக்கூடத் தராமல் அதற்கு ஊற்றினார். வெயில் கடுமையாக இருந்தால் கீற்று மறைப்புக் கட்டினார். என் பக்கம் நின்று என் பந்தயத்தை ஜெயிக்க என்னைவிடத் தீவிரமாக உழைத்தவர் என் மாமியார்தான்.

ஒருநாள் காலையில் கொல்லையிலிருந்து சத்தம். "மல்லிகா! மல்லிகா!" ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று அலறியடித்துக்கொண்டு ஓடினேன். அத்தை குச்சியின் நுனியைக் காட்டினார். எறும்புத் தலை அளவுக்கு, பழுப்புச் சிவப்பில் ஒரு துளிர்.

இரண்டு பேரும் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அத்தை முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டார்.

"அந்தக் காலேஜ்ல அப்ளிகேசன் எங்க குடுக்கறாங்க? பொடவைய மாத்திகினு கெளம்பு."

சொன்னபடி அவரே கூட வந்தார். கல்லூரி அலுவலகத்தில் இருந்தவரிடம், "என் மருமவ செடி கொடி படிச்சவ. உப்பு மண்ணுல மரம் வெச்சிருக்கா" என்றார். பி.எட். முடித்து, வேலைக்குப் போய், எத்தனையோ பிள்ளைகளுக்கு வேர், தண்டு, இலை சொல்லிக்கொடுத்தேன். மரத்தைப் பிடுங்கி நடும் பாடம் வரும்போது மட்டும் வேகமாகத் தாண்டிவிடுவேன்.

எண்பதுகளின் நடுவில் மரம் காய்த்தது. சின்னப் பழம், கற்கண்டு இனிப்பு. பிறகு ஓட்டு வீட்டை இடித்துக் கட்டினபோது, கொத்தனார் போட்ட திட்டத்தில் குளியலறை சரியாக மரத்தின் மேல் வந்தது. அத்தை அதன் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "சுவத்த வளை" என்றார். வளைத்தார்கள். இன்றைக்கும் எங்கள் குளியலறையில் குளிப்பவர்கள் ஒரு கையைத்தான் தூக்க முடியும். அத்தை இருந்தவரை, சுவர் ஏன் கோணல் என்று கேட்கிற விருந்தாளிக்கெல்லாம் முழுக்கதையையும் சொல்வார். அவர் சொல்கிற கதையில் மரத்தைக் கொண்டுவரச் சொன்னவர், வழி சொன்னவர், படகு பிடித்தவர் எல்லாம் அவரே.

கதையில் தான் வருகிற பகுதிக்கு மட்டும் என் கணவர் இன்னும் வழக்காடிக்கொண்டிருக்கிறார். "யோசிச்சுப் பாருங்க. தேர்க் கூட்டத்துல பொண்ணு ஆயிரம் பேரு இருப்பாங்க. பொடவை கட்டின மரம் ஒண்ணுதான் இருக்கும். எத அடையாளம் சொன்னா சீக்கிரம் கெடைக்கும்? கெடைச்சாளா இல்லியா?"

கிடைத்தேன். அதை மறுக்க முடியவில்லை. ஆனாலும் அவர் இந்த இடத்துக்கு வந்தால் எங்கள் பெண்கள் இரண்டு பேரும் விடுவதில்லை. கையைக் குவித்து வாயில் வைத்துக்கொண்டு, ஒலிபெருக்கி இருமுகிற இருமலோடு ஆரம்பிப்பார்கள்: "ஓர் முக்கிய அறிவிப்பு. மரத்துடன் ஒரு பெண்ணும் இருப்பார்."